பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்: அரையாண்டுச் செய்திகளும் ஒரு வேண்டுகோளும்

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. மதிப்பெண் அட்டையைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறோம். பொங்கல் விடுமுறைக்கு முன் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புங்கள். விளையாட்டிலும் கலை விழாவிலும் நம் மாணவர்கள் பரிசு வாங்கினார்கள். எட்டாம் வகுப்பார் போட்ட காய்கறித் தோட்டத்தில் வெண்டையும் பயறும் காய்க்கத் தொடங்கிவிட்டன. எல்லாருக்கும் என் பாராட்டு.

சுற்றுச்சூழல் மன்றத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை 30 மாணவர்களைத் தேரூர் குளத்துக்குக் கூட்டிப் போனோம். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நம்மில் பலர் பஸ்ஸில் கடந்து போகிற இடம்தான், இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. ஏழு மணிக்குக் கரையில் நின்றோம். தாமரை இலைகளுக்கு அப்பால் ஊசிவால் வாத்துகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. தலையும் கழுத்தும் தண்ணீருக்குள், வால் மட்டும் மேலே. சைபீரியாப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே தண்ணீர் உறையும் காலத்தில் நம் குளத்தை நம்பி வருகிற பறவைகள். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி தொலைநோக்கியைக் கண்ணில் இருந்து எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவர்களும் அவளை அவசரப்படுத்தவில்லை. அதைப் பார்த்து எனக்கு அத்தனை சந்தோஷம்.

அப்போது ஒரு பைக்குள் இருந்து போன் அடித்தது. சத்தமான சினிமாப் பாட்டு. வாத்துக் கூட்டம் மொத்தமாக எழும்பி மறுகரைக்குப் போய்விட்டது. அழைத்தவர் அந்த மாணவனின் அம்மா. "காப்பி குடிச்சியா மக்ளே?" என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார். அந்த அக்கறையை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் போன் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தும் அன்று 7 பிள்ளைகளிடம் போன் இருந்தது. அரை மணி நேரம் கழித்து, இன்னொரு மாணவன் செல்ஃபிக்காகப் பின்னாலேயே நடந்து கரைச் சரிவில் வழுக்கி, இடுப்பளவு சேற்றில் இறங்கிவிட்டான். ஆசிரியர் கையைப் பிடித்துத் தூக்கினார். அடி எதுவும் படவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்தது நம் பள்ளித் தோட்டத்தில் நடந்தது. கொல்லாமரங்களுக்கு அடியில் அக்டோபரில் இருந்து ஓர் ஆறுமணிக் குருவி தங்கியிருக்கிறது. முதுகு பச்சை, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வயிற்றுக்கு அடியில் குங்குமச் சிவப்பு, குட்டை வால். சருகைப் புரட்டிப் புழுவும் பூச்சியும் தேடும். விடியும்போதும் அந்தியிலும் இரட்டை விசில் மாதிரிக் கூப்பிடும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டுகிற பறவை, பனிக்காலத்துக்கு மட்டும் தெற்கே வருகிறது. போன வாரம் சில மாணவர்கள் அதன் குரலைப் போனில் போட்டு, அது வெளியே வர வர வீடியோ எடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள், மாலை முழுக்க. அந்தக் குரலைக் கேட்டதும், தன் இடத்தைப் பிடிக்க வேறொரு குருவி வந்துவிட்டது என்றுதான் அது நினைக்கும். இரை தேடுவதை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் துரத்தி அலையும். மூன்றாம் நாள் நான் போய் நின்றபோது சத்தமே இல்லை. நான்கு நாள் கழித்துத்தான் மறுபடி கேட்டது.

பிள்ளைகள் அறியாமல் செய்தது. விளக்கிச் சொன்னதும் அவர்களே வருத்தப்பட்டார்கள். போனைக் கொடுத்தனுப்பிய நமக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: பள்ளிக்கும் வெளிப்பயணத்துக்கும் மாணவர் யாரும் போன் கொண்டு வரக் கூடாது. கொண்டு வந்தால் வாங்கி வைப்போம். பெற்றோர் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு அப்புறமும் கொண்டு வருகிற மாணவருக்குப் பிப்ரவரியில் மணக்குடி, புத்தளம் உப்பளப் பயணத்தில் இடம் இல்லை. யார் வீட்டுப் பிள்ளையானாலும் இதுதான்.

உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. வெளியே போன பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் எந்த வீட்டிலும் நிம்மதி இருக்காது. இனி ஒவ்வொரு பயணத்திலும் பொறுப்பாசிரியரின் எண்ணை முந்தின நாளே தருவோம். போய்ச் சேர்ந்ததும், திரும்பக் கிளம்பும்போதும் அவரே குழுவில் செய்தி போடுவார். படமும் அவர் எடுத்து அனுப்புவார். பிள்ளைகள் கையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் போதும்.

போனுக்கு நல்ல வேலையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2015-இல் இருந்து பொங்கலை ஒட்டி நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யாரும் சேரலாம். குளக்கரைக்குப் போக வேண்டியதில்லை; முற்றத்திலோ கிணற்றடியிலோ விளையிலோ 15 நிமிடம் உட்கார்ந்து, கண்ணில் பட்டதை எண்ணி, இ-பேர்ட் செயலியில் பதிந்தால் சரி. மின்கம்பியில் தகைவிலான், மாமரத்தில் மாங்குயில், ஓடைக்கரையில் வாலை ஆட்டிக்கொண்டு சாம்பல் வாலாட்டி, எல்லாம் இந்தக் காலத்து விருந்தாளிகள். செம்போத்தையும் தவிட்டுக் குருவியையும் விட்டுவிடாதீர்கள். பிள்ளை பார்த்துச் சொல்லட்டும், போன் உங்கள் கையில் இருக்கட்டும்.

தேரூருக்கு வேன் ஏற்பாடு செய்த பெற்றோருக்கும், தம் தொலைநோக்கியைக் கொடுத்து உதவிய தாத்தாவுக்கும், விடியுமுன் எழுந்து 30 பேருக்கும் இட்லி கட்டித் தந்த அம்மாமாருக்கும் என் மனமார்ந்த நன்றி. இத்துடன் உள்ள சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்