வண்டி வெடிப்பது பற்றிப் பாப்பாவுக்கு

தங்கச்சிமடம்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

உன் பைக் துடித்துத் துடித்துப் பட் பட்டென்று வெடிக்கிறது என்றாயே, நீ அனுப்பிய சத்தத்தைக் கேட்டேன், என்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கின் போட்டோவும் பார்த்தேன். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும், அதனால் எழுதுகிறேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்று அங்கே மெக்கானிக் சொன்னாராமே? அவசரப்படாதே. எங்கே வெடிக்கிறது, எப்போது வெடிக்கிறது என்று தெரியாமல் ஒரு சாமானும் வாங்காதே.

ஓசூர் மேடான ஊர், அதனால்தான் இப்படி என்று அவர் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், அது சரி. ஆனால் மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும். கடலோரத்தில் நம் ஊரில் ட்யூன் செய்த கார்புரேட்டர் அங்கே பெட்ரோலைக் கூடுதலாகத்தான் கொடுக்கும். அப்படியென்றால் பிளக் கரி பிடித்துக் கறுத்திருக்க வேண்டும். உன் பிளக் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கிறது. பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகிறது. காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்தால் துடிப்பு நிற்கிறது என்றாயே, அதுவும் இதைத்தான் சொல்கிறது.

ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்னால் பட் பட்டென்று கேட்பது சைலன்சரில். என்ஜினில் சரியாக எரியாத பெட்ரோல் அங்கே போய், வெளிக்காற்றும் சேர்ந்தால் சூட்டில் பற்றிக்கொள்ளும். அதனால் புகை வெளியேறும் பெண்ட் பைப் என்ஜினோடு சேரும் கழுத்தை முதலில் பார். இத்தனை வருடம் நம் வாசலில் உப்புக்காற்று குடித்த வண்டி அது. மேலே குரோம் பளபளக்கும், கிளாம்புக்கு அடியில் துரு தின்றிருக்கும். காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கழுத்தைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தொட்டு வை. குமிழி வந்தால் இடைவெளியை அடைக்கும் காஸ்கெட் போய்விட்டது. நட்டுக்கு முதல் நாள் இரவே ஆயில் விட்டு வை. துருப்பிடித்ததைப் பலமாகத் திருகினால் நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் கம்பி முறிந்துவிடும், அப்புறம் பெரிய வேலை.

அடுத்தது, கார்புரேட்டரை என்ஜினோடு சேர்க்கும் ரப்பர். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். விரலால் லேசாக வளைத்துப் பார், கீழ்ப்பக்கம் விரிசல் வாய் திறக்கும். சந்தேகமாக இருந்தால் வண்டியை நிறுத்தி வைத்து என்ஜின் ஓடும்போது அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளி, சத்தம் மாறினால் அங்கேதான் காற்று இழுக்கிறது. பெட்ரோல் ஊற்றிப் பார்க்கிறவர்கள் உண்டு. யார் சொன்னாலும் நீ செய்யாதே.

இரண்டும் சரியாக இருந்தால் கார்புரேட்டருக்குள் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் பைலட் ஜெட் அடைத்திருக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். டேங்குக்குள் துரு கிளம்பினால் முதலில் அடைபடுவது அந்தப் பொடி ஓட்டைதான். கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்யச் சொல். கம்பி விட்டுக் குத்த விடாதே, ஓட்டை பெரிதாகிவிடும்.

கார்புரேட்டர் பக்கமாகத் திருப்பி வெடித்தால் மட்டும் கதை வேறு. வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பெட் இறுகி வால்வு முழுதாக மூடாமல் இருக்கலாம். என்ஜின் ஆறிய பிறகுதான் அதைப் பார்க்க வேண்டும்.

சரியாகும்வரை கிருஷ்ணகிரி ரோட்டில் லாரியை முந்தாதே, பாப்பா. பாதி முந்தும்போது வண்டி இழுக்காமல் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை. கம்பெனி பஸ்ஸிலேயே போ. ரப்பரும் காஸ்கெட்டும் ராமநாதபுரத்தில் வாங்கி அனுப்புகிறேன், கழுத்தைப் பார்த்துவிட்டு எது வேண்டும் என்று சொல்.

அப்பா