'கிடைக்கவில்லை' என்று எழுதியவர்களுக்கு

அன்புள்ள ஜியோகேச்சிங் நண்பர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் அறிவித்த இட எண்களை வைத்துக்கொண்டு, மறைத்த பெட்டிகளைத் தேடும் நம் ஜியோகேச்சிங் விளையாட்டுக்காக ஓடைக்கரைப் பாதை நெடுக நான் மறைத்து வைத்திருந்த பெட்டிகளில் களவு போனவை, உடைக்கப்பட்டவை எல்லாம், ஒன்றைத் தவிர, மறுபடியும் தத்தம் இடத்துக்கு வந்துவிட்டன. இனி யாரும் தேட வரலாம். இதில் என் உழைப்பைவிட உங்கள் உழைப்புதான் அதிகம். உங்களில் பலரை நான் நேரில் பார்த்ததில்லை; விளையாட்டுக்காக வைத்துக்கொண்ட புனைபெயரில் மட்டுமே தெரியும். ஆளுக்கொரு மடல் எழுத முகவரி இல்லாததால் எல்லோருக்கும் சேர்த்துப் பொதுவில் எழுதுகிறேன். பெயர்கள் எதையும் போடவில்லை. யார் என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி, தேடி அலைந்து வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கு.

பெட்டியைக் கண்டுபிடித்ததாக விளையாட்டின் இணையதளத்தில் பதிந்தால் நம் வரைபடத்தில் சிரித்த முகம் ஒன்று விழும். கிடைக்கவில்லை என்று பதிந்தால் நீல நிறத்தில் வாடிய முகம். அந்த வாடிய முகத்தைத் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை? அதனால் பலர் ஒன்றும் எழுதாமல் போய்விடுகிறார்கள். பெட்டி காணாமல் போய் வாரக்கணக்கில் ஆகியும் வைத்தவருக்குத் தெரியாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். நீங்கள் கூச்சப்படாமல் எழுதினீர்கள். அதிலும் ஒருவருடைய பதிவை நான் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். அடிமரத்துக்குப் பின்னால் இருந்த தட்டைக் கல் புரண்டு கிடக்கிறது. கல் இருந்த இடத்தைச் சுற்றிலும் பாசி, நடுவில் பெட்டி அளவுக்கு நீள்சதுரமாக வெளிறிய மண். வேரில் சுற்றியிருந்த கம்பி ஒரே வெட்டில் நறுக்கப்பட்டிருக்கிறது. வெட்டு முனை இன்னும் பளபளக்கிறது, துரு ஏறவில்லை. இவ்வளவையும் குனிந்து பார்த்து எழுதியிருந்தார். கம்பி வெட்டும் கருவியோடு வந்தவர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்திருக்க முடியாது. துரு ஏறாத முனையோ, சம்பவம் நடந்து அதிக நாளாகவில்லை என்று சொன்னது. பதிவைப் படித்த கையோடு அந்தப் பெட்டியின் இணையப் பக்கத்தைத் தற்காலிகமாக முடக்கிவைத்தேன். வரவிருந்த எத்தனை பேருக்கு வீண் நடை மிச்சமாயிற்றோ!

'அருமையான பெட்டி, நன்றி' என்ற பதிவுகளும் மகிழ்ச்சி தருபவைதாம். ஆனால் பெட்டி வைத்திருப்பவருக்கு உண்மையில் பயன்படுவது நீங்கள் எழுதிய இந்த வகைப் பதிவு.

களவுக்கு இடம்கொடுப்பது இந்த விளையாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. 2000 மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. உடனேயே, மே 3 அன்று, ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டு மறைத்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவித்தார். ஏதாவது எடுத்தால் ஏதாவது வைத்துவிட்டுப் போ, பெட்டிக்குள் இருக்கும் பதிவேட்டில் எழுது. விதி அவ்வளவுதான். பூட்டும் கிடையாது, காவலும் கிடையாது. இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் அதே நம்பிக்கையில்தான் கிடக்கின்றன. தேட வருகிற நமக்கும் திருட வருகிறவனுக்கும் தேவையானவை அதே எண்கள். வாசலிலேயே சாவியைத் தொங்கவிட்டுக் கதவைப் பூட்டிய கதை இது. அப்படியிருந்தும் பெரும்பாலான பெட்டிகள் பிழைத்திருப்பதுதான் எனக்கு வியப்பு.

காணாமல் போகிற பெட்டியெல்லாம் களவு போனதல்ல என்பதைப் புரியவைத்தவர் மூத்த ஆட்டக்காரர் ஒருவர். அக்கா என்றுதான் அழைப்பேன். பாதை நெடுக இருந்த என் பெட்டித் தொடரின் முழு நீளத்துக்கும் என்னோடு நடந்து வந்தார். மூடியின் ஓரத்தில் பல் தடம் இருந்தால் அணிலோ எலியோ. உள்ளே மிட்டாய் போட்டுவிட்டுப் போன புண்ணியவானைத்தான் திட்ட வேண்டும் (தின்பண்டம் வைக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது). சேறு அப்பிப் பள்ளத்தில் சரிந்து கிடந்தால் வெள்ளம் கொண்டுபோனது. சில்லறைச் சாமான்கள் மட்டும் போய்ப் பதிவேடு புல்லில் கிடந்தால் விளையாட்டுப் பிள்ளைகள். பெட்டியோடு சேர்த்துச் சருகும் சுள்ளியும்கூட அள்ளப்பட்டிருந்தால் துப்புரவுப் பணியாளர்கள். என் தொடரில் இவை எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் நடந்திருந்தன. 'ஒரே ஆள் எல்லாவற்றையும் சூறையாடிவிட்டான்' என்று அதுவரை சுற்றிவந்த பேச்சு அந்த நடையோடு முடிந்தது.

மிஞ்சியவை கம்பி வெட்டப்பட்ட பெட்டிகள். அவற்றில் ஒன்று புதிர்ப் பெட்டி. அதன் இணையப் பக்கத்தில் காட்டியிருக்கும் இடம் சும்மா ஒரு குறி. புதிரை விடுவித்தால்தான் உண்மையான எண்கள் கிடைக்கும். விவரம் தெரியாதவர் அங்கே போய்ச் சேரவே முடியாது. அக்கா சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "இது நம் ஆட்களில் ஒருவருடைய வேலை" என்றார். கசப்பான செய்திதான். இப்படி ஒருவர் ஊர் ஊராகப் பெட்டிகளை அழிப்பது இந்த விளையாட்டில் புதிதும் அல்ல.

இந்த இடத்தில் இன்னொரு நண்பருக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன். ஒரு பெட்டியைக் கட்டண உறுப்பினர்களுக்கு மட்டும் என்று மாற்றினால், அதன் பக்கத்தை யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் வைத்தவருக்குக் கிடைக்கும். மாற்றினேன். பட்டியலில் ஒரு பெயர் அடிக்கடி வந்தது. அதை அம்பலப்படுத்தச் சொல்லிப் பலர் எழுதினார்கள். இவர் மட்டும் கேட்டார்: "பக்கத்தைப் பார்த்தவரெல்லாம் பெட்டியை எடுத்தவர் ஆகிவிடுவாரா? எடுத்தவர் அந்தப் பக்கத்தைப் பார்க்காமலேயே இருக்கலாமே, எண்கள் அவரிடம் முன்பே இருக்குமே?" பெயரை வெளியிடவில்லை, இனியும் வெளியிட மாட்டேன். கண்காணிப்புக் கேமரா இரவல் தருவதாகச் சொன்னவருக்கும் நன்றி. பொதுப் பாதையில் போகிற வருகிற மனிதர்களையெல்லாம் ஒளிந்திருந்து படம் பிடிக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை, ஆகவே வாங்கிக்கொள்ளவில்லை. கோபத்தில் சாபம் விட்டுப் பதிவு எழுதாமல் இருந்தவர்களுக்கும் தனியாக ஒரு நன்றி. ஊர் முழுக்கப் புலம்புவதைப் படித்து ரசிப்பதற்காகவே இந்தக் காரியத்தைச் செய்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் தீனி போடாமல் இருந்தீர்கள்.

அடுத்து நான் நன்றி சொல்ல வேண்டியவர் இந்த விளையாட்டையே அறியாதவர். ஓடைக்கரையைச் சுத்தம் செய்யும் குழுவில் வேலை செய்யும் பெரியவர். குப்பை என்று எண்ணித்தான் பெட்டியை எடுத்திருக்கிறார். மூட்டையைப் பிரிக்கும்போது மூடி திறந்து, உள்ளே ஒட்டியிருந்த விளக்கச் சீட்டைப் படித்திருக்கிறார். "இத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், குப்பையில் போட மனம் வரவில்லை" என்று சொல்லி, பதிவேட்டை ஒரு துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். ஐயா, இந்த மடலை யாராவது உங்களுக்குப் படித்துக்காட்டுவார்கள் என்று நம்புகிறேன். அந்தப் பெட்டியில் விலைபோகும் பொருள் எதுவும் இல்லை. வந்துபோன மனிதர்களின் எழுத்துதான் அதன் சொத்து முழுவதும். அதை நீங்கள் காப்பாற்றினீர்கள்.

பதிவேடு கைக்கு வந்தபோது நனைந்து ஒரே கட்டியாக இருந்தது. அதைப் பிரித்து உலர்த்திய தம்பதிக்கு எப்படி நன்றி சொல்வது! அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் தாள் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். அவர்கள் பக்கத்துக்குப் பக்கம் உறிஞ்சு தாள் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, ஈரமான தாளை எடுத்து உலர்ந்ததை வைத்து, பொறுமையாகப் பிரித்தெடுத்தார்கள். மைப் பேனாவில் எழுதியவை ஊறி நீலத் திட்டுகளாகிவிட்டன. பென்சில் எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. ஏதோ ஒரு குழந்தை பென்சிலில் வரைந்த குச்சி மனிதர்கள் வரிசையாக, காது முதற்கொண்டு, அப்படியே நிற்கிறார்கள். இனி என் பெட்டிகளில் பென்சில் மட்டும்தான் இருக்கும். பேனாவை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

களவு போன பெட்டிக்குள் அடுத்தவர் உடைமையும் இருந்தது. ஒரு டிராவல் பக். எண் பொறித்த சிறு உலோக வில்லை, அதோடு பிணைத்த ஒரு குட்டி ஆமை. பெட்டிக்குப் பெட்டி கைமாறி வெகு தூரம் பயணம் செய்திருந்தது. அதன் உரிமையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தை எழுதுவதுதான் இந்த அலைச்சலிலேயே கஷ்டமாக இருந்தது. அவரிடமிருந்து வந்தது ஒரு வரிப் பதிலும் ஓர் உறையும். டிராவல் பக் வாங்கும்போது ஒரே எண்ணில் இரண்டு வில்லைகள் தருவார்கள் அல்லவா, வீட்டில் வைத்திருந்த இரண்டாவதைப் புதிய ஆமையோடு கட்டி அனுப்பியிருந்தார். ஆமை மறுபடியும் கிளம்பிவிட்டது.

பெட்டி இல்லை என்று கண்டதும் பையிலிருந்து வேறொரு டப்பாவை எடுத்துப் போட்டு, 'மாற்றுப் பெட்டி வைத்துவிட்டேன்' என்று எழுதிச் சிரித்த முகத்தைப் பெற்றுக்கொண்டு போகும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதை உதவி என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உண்மைப் பெட்டி வேறு இடுக்கில் அப்படியே இருந்தால் ஓரிடத்தில் இரண்டு பெட்டிகளாகிவிடும்; களவு நடந்திருந்தால் அது மூடி மறைக்கப்பட்டுவிடும். கையில் டப்பா இருந்தும் போடாமல், முதலில் எனக்கு எழுதிக் கேட்டவர்கள் உங்களில் சிலர். அந்தப் பண்புக்கு நன்றி.

பெட்டிகளைச் சரிபார்த்துத் தளத்தில் அனுமதிக்கும் மதிப்பாய்வாளருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஊதியமில்லாத தன்னார்வப் பணி அது. முடக்கிய பெட்டியைச் சுமார் நான்கு வாரங்களுக்குள் சரிசெய்ய வேண்டும் என்பது வழக்கம். இல்லையேல் நிரந்தரமாக மூடப்படும், அந்த இடமும் வேறொருவருக்குப் போய்விடலாம். நிலவரத்தை எழுதியதும் அவகாசம் கொடுத்தார். அதிகம் பேசாத மனிதர்.

புதிய பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தடித்த இரும்புப் பெட்டி, சங்கிலி, பூட்டு என்று யோசனைகள் வந்தன. விரல் நுனி அளவு நானோக்களாக மாற்றிவிடு என்றார்கள் சிலர். நானோவில் ஒரு சுருள் தாளுக்கு மேல் என்ன வைக்க முடியும்? பண்டமாற்றுச் செய்ய ஆசையாக வரும் குழந்தைகளுக்கு அதில் ஒன்றுமில்லை. இரும்பு வேண்டாம் என்று தடுத்தவர் 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் நடந்ததை நினைவூட்டினார். அங்கே மறைத்து வைத்திருந்த பெட்டி ஒன்றை வெடிகுண்டு என்று சந்தேகித்து, ராணுவ நிபுணர்களை வரவழைத்து வெடிக்கச் செய்தார்கள். ஆகவே உள்ளிருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பெட்டி, மேலே இன்னதென்று எழுதிய சீட்டு, உள்ளே நீர் ஊறாத தாளில் பதிவேடு. மறுபடியும் யாராவது எடுத்துப் போனால் மறுபடியும் ஒன்று வைப்பேன். மலிவான பெட்டிகள்தாம். இடத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதியைப் புதுப்பிக்கப் போனபோது, பெட்டியைப் பார்த்துவிட்டு, "போகிற வழியில் நானும் ஒரு கண் வைத்துக்கொள்கிறேன்" என்றார்.

திறக்காமல் இருப்பது புதிர்ப் பெட்டி மட்டும். பழைய மறைவிடம் வெளியே தெரிந்துவிட்டதால் புதிய இடம் பார்த்தேன். இரண்டு பெட்டிகளுக்கிடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே வந்தது. பக்கத்தில் வேறொருவருடைய பழைய பெட்டி இருந்தது. அவர் நான் கேட்காமலேயே தன்னுடையதை மூடி இடம் விட்டுக்கொடுத்திருக்கிறார். நெடுங்காலம் அங்கிருந்த பெட்டி அது. மதிப்பாய்வு முடிந்ததும் புதிரைத் திறந்துவிடுவேன். விடையும் மாறியிருக்கிறது, ஆகவே முன்பு விடுவித்தவர்களும் மறுபடி கணக்குப் போட வேண்டியிருக்கும். போய்ப் பார்த்துக் கிடைக்கவில்லையென்றால் தயவுசெய்து அதையும் எழுதுங்கள்.

நன்றியுடன்,
ஓடைக்கரைப் பெட்டிகளை வைத்தவர்