உங்கள் கடவுச்சொல் எங்களிடம் இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் இரண்டாம் கவுண்டரில் இருந்த தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட செய்தி உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். புதுப் போன் வாங்குகிறவர்களுக்குப் பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்து, எல்லாக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் செயலியையும் அமைத்துத் தந்தவர் அவர்தான். அவர் போன கையோடு ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "அந்தக் கடையில ஒரு ஆப்பைப் போட்டு எல்லார் பாஸ்வேர்டையும் வாங்கி வச்சுக்கிறாங்க, இப்ப அந்தப் பையன் அத்தனையையும் எடுத்துக்கிட்டு வெளிநாடு போயிட்டான்" என்பது அதன் சாரம். பேட்டரி நிற்கவில்லை, விலை கூடுதல் என்று சொல்லியிருந்தால் நேரில் பேசி முடித்திருப்போம். ஆனால், முறையாகச் சொல்லிக்கொண்டு வேலையை விட்டுப் போன ஒரு பிள்ளையின் மீது திருட்டுப் பழி விழும்போது வாய் மூடி இருக்க எங்களால் முடியவில்லை.

முதலில் கவுண்டரில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறோம். செயலியை இறக்கி, உங்கள் மின்னஞ்சல் முகவரியைப் பதிவு செய்யும் வரைதான் தம்பியின் கை போனில் இருக்கும். மற்ற எல்லாவற்றையும் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு எனப்படும் முதன்மைக் கடவுச்சொல்லைக் கேட்கும் திரை வந்ததும், போனை உங்கள் பக்கம் திருப்பி வைத்து, "நீங்களே யோசிச்சு அடிங்க ஐயா, 12 எழுத்துக்குக் குறையக் கூடாது" என்று சொல்லிவிட்டு, டெம்பர்டு கிளாஸ் தொங்கும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். "நீயே ஒண்ணு போட்டுக் குடுப்பா" என்று கேட்ட பெரியவர்கள் உண்டு. அவர்களுக்கும் அவர் போட்டுக் கொடுத்ததில்லை. ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்து, அதில் எழுதிக்கொண்டுபோய், பட்டாவும் ரேஷன் கார்டும் இருக்கும் பீரோவிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லித்தான் அனுப்புவார். அந்தத் தாளுக்குக் கடையில் நகல் கிடையாது. கடையின் கேமராக்கள் வாசலையும் கல்லாவையும் பார்த்து இருக்கின்றனவே தவிர, அந்தக் கவுண்டரின் மேல் ஒன்றும் இல்லை. ஐயம் உள்ளவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து மானிட்டரைப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியே யாரேனும் எடுத்துப் போக நினைத்தாலும் எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்பதுதான் இந்தச் செயலிகளின் அமைப்பு. வீட்டில் ஒருவர் ஐபோனும் மற்றவர் ஆண்ட்ராய்டும் வைத்திருப்பவர்களுக்கு நாங்கள் பெரும்பாலும் போட்டுக் கொடுத்தது பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு மேனேஜர்; அதன் மூலநிரல் (செயலி எழுதப்பட்டிருக்கும் நிரல்) யாரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது, எத்தனை கடவுச்சொல் சேமித்தாலும் இலவசம். நீங்கள் அடிக்கும் முதன்மைக் கடவுச்சொல் அப்படியே எந்தச் சர்வருக்கும் போவதில்லை. அது போனுக்குள்ளேயே, இயல்பு அமைப்பில் 6 லட்சம் சுற்றுக் கணக்கீட்டுக்கு உள்ளாகி ஒரு சாவியாகிறது; உங்கள் கடவுச்சொற்களை அந்தச் சாவியை வைத்துப் பூட்டிய பெட்டகம்தான் இணையத்தில் ஏறுகிறது. வங்கி லாக்கருக்கு உங்கள் கையில் ஒரு சாவி, மேனேஜர் கையில் ஒரு சாவி. இதற்கோ மேனேஜர் சாவி என்று ஒன்றே கிடையாது. எங்களிடம் இல்லை, தம்பியிடம் இல்லை, செயலியை உருவாக்கிய நிறுவனத்திடமும் இல்லை.

இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்பதும் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் புதுப் போனோடு வந்தார். பழைய போன் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது (எங்களிடம் அல்ல, ஆன்லைனில்). இவ்வளவு நாளும் விரல் வைத்தே பெட்டகத்தைத் திறந்து பழகியதால் முதன்மைக் கடவுச்சொல் அவருக்கு மறந்திருந்தது. எழுதிய தாளும் வீட்டில் அகப்படவில்லை. கைரேகை என்பது அந்த ஒரு போனுக்குள் மட்டும் செல்லுபடியாகும் குறுக்குவழி. புதுப் போனில் முதல் முறை நுழைய முதன்மைக் கடவுச்சொல்லைத்தான் அடித்தாக வேண்டும். ரயில் டிக்கெட் எடுக்கும் செயலியிலிருந்து மகளின் கல்லூரிக் கணக்கு வரை எல்லாம் உள்ளே இருக்க, "கடைக்காரனுக்குத் தெரியாமலா இருக்கும்" என்று அவர் நினைத்தது இயல்பே. திறந்து தர முடியாது என்று நாங்கள் சொன்னது அவர் காதில் திறந்து தர மாட்டோம் என்று விழுந்துவிட்டது. குரல் பதிவில் பேசுபவர் அவர்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கேட்டவர்கள் ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்: எல்லாருடைய கடவுச்சொல்லும் எங்களிடம் இருந்திருந்தால், அன்றைக்கு அவருக்குத் திறந்து கொடுத்துவிட்டு நல்ல பெயர் வாங்கியிருக்க மாட்டோமா?

அதே குழுவில் ஒரு நண்பர், இத்தகைய நிறுவனங்களிலேயே திருட்டு நடந்திருக்கிறதே என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற வேறொரு பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்கள் களவு போனது உண்மை. கடவுச்சொற்கள் பூட்டிய நிலையில்தான் போயின; ஆனாலும் எந்தெந்தத் தளங்களில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் பூட்டப்படாமலே இருந்தன; எளிதான முதன்மைக் கடவுச்சொல் வைத்திருந்தவர்களுக்கு ஆபத்து மிகுதியாயிற்று. பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம், தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வையுங்கள் என்று தம்பி வற்புறுத்தியது இதற்காகத்தான். சிலருக்கு அது தொந்தரவாகப் பட்டது என்பதும் நாங்கள் அறிந்ததே.

"போட்டுக் கொடுத்தீர்கள், ஆனால் செயலிகளில் வேலை செய்யவில்லை" என்பது அடுத்த குறை. பிரவுசரில் தளத்தைத் திறந்தால் தானாக நிரம்புகிறது, அதே நிறுவனத்தின் செயலியைத் திறந்தால் ஒன்றும் வருவதில்லை என்கிறார்கள். பெட்டகத்தில் ஒவ்வொரு கடவுச்சொல்லும் ஓர் இணைய முகவரியோடு பதிவாகியிருக்கிறது. செயலிக்கோ முகவரிப் பட்டை கிடையாது, அதற்கென்று தனி அடையாளப் பெயர் இருக்கிறது. இந்தச் செயலி எங்களுடையதுதான் என்று அந்த நிறுவனம் தன் தளத்தில் ஓர் உறுதிக்கோப்பு வைத்திருந்தால் போன் இரண்டையும் இணைத்துப் பார்த்துக்கொள்ளும். வைக்காத இடத்தில், உள்நுழையும் பெட்டியைத் தொட்டதும் கீபோர்டின் மேல் உங்கள் பெயர் வராது. அப்போது பெட்டகத்தைத் திறந்து உரிய கணக்கை நீங்களே தேடித் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அப்படித் தேர்ந்தெடுக்கும்போது, நிரப்பிச் சேமிக்கவா என்று கேட்பதற்குச் சரி கொடுத்துவிட்டால் அந்தச் செயலியும் பதிவில் சேர்ந்துகொள்ளும், அடுத்த முறை தேட வேண்டியதில்லை.

பொருந்தாத இடத்தில் நிரப்ப மறுக்கும் இந்தப் பிடிவாதத்தால் உங்களுக்கு நன்மையும் உண்டு. ஆர்டிஓ சலான் என்றும் கல்யாணப் பத்திரிகை என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) நிறுவி, அது நீட்டும் போலித் திரையில் மனிதர் ஏமாந்துவிடலாம். அடையாளப் பெயர் பொருந்தாததால் பாஸ்வேர்டு மேனேஜர் தானாக எதையும் எடுத்துக்கொடுக்காது. வழக்கமாக நிரம்பும் இடத்தில் நிரம்பவில்லை என்றால், கையால் அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். பணம் போய்விட்டதென்றால் கடைக்கு வருவதற்கு முன் சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930ஐ அழையுங்கள். எங்களால் ஆவது அங்கே ஒன்றுமில்லை.

ஒரு செயலியிலும் நிரம்பவில்லை என்றால் அது செட்டிங்ஸ் விவகாரம். செயலிகளுக்குள் நிரப்பும் வசதி ஆண்ட்ராய்டில் 2017இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்தும், வெளி நிறுவனங்களின் மேனேஜருக்கு ஐபோனில் 2018இல் வந்த ஐஓஎஸ் 12இலிருந்தும் இருக்கிறது. செட்டிங்ஸில் "ஆட்டோஃபில்" என்று தேடி, அங்கே உங்கள் மேனேஜர் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்; பெரும்பாலும் கூகுளோ சாம்சங்கோ அந்த இடத்தில் இருக்கும். சில வங்கிச் செயலிகள் தமக்கென்று தனி விசைப்பலகை வைத்துக்கொண்டு எதையும் நிரப்ப விடுவதில்லை. அது பாதுகாப்பா வீண் பிடிவாதமா என்பதில் எங்களுக்கு வேறு கருத்து உண்டு, ஆயினும் எங்களால் மாற்ற இயலாது. யுபிஐ பின் வேறு கதை: அதைக் கையால்தான் அடிக்க வேண்டும், எங்கும் சேமிக்கவும் வேண்டாம். ஓடிபி மட்டும் கேட்கும் செயலிகளில் மேனேஜருக்கு வேலையே இல்லை.

இன்னமும் மனம் ஆறாதவர்கள், பிட்வார்டன் இணையதளத்தில் நுழைந்து முதன்மைக் கடவுச்சொல்லை இன்றே மாற்றிக்கொள்ளலாம். யார் துணையும் தேவையில்லை, எங்களிடம் சொல்லவும் வேண்டாம். முதன்மைக் கடவுச்சொல் மறந்துபோய், ஆனால் பழைய போனில் விரல் வைத்தால் பெட்டகம் இன்னும் திறக்கிறது என்பவர்கள், தயவுசெய்து அந்தப் போனை ரீசெட் செய்துவிடாதீர்கள், செயலியிலிருந்து லாக்அவுட் செய்யவும் வேண்டாம். அதைத் திறந்து ஒவ்வொரு கணக்காகப் பார்த்து எழுதிக்கொண்டு, புதிய பெட்டகம் தொடங்கிவிட முடியும். ஒரே ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்து, நினைவாற்றலில் நம்பிக்கை இல்லாதவர்களுக்குக் கூகுளின் சொந்த மேனேஜரே போதும். மீட்பு எண்ணும் மின்னஞ்சலும் சரியாகக் கொடுத்திருந்தால் கூகுள் கணக்கைப் பெரும்பாலும் மீட்டுக்கொள்ளலாம்.

குரல் பதிவு வந்த அன்றே எங்களுக்கு அனுப்பி வைத்தவர்களுக்கும், "நான் பத்து வருஷமா அங்கதான் போறேன், அப்படிப்பட்ட கடை இல்ல" என்று குழுவிலேயே பதில் போட்டவர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தப் பதிலைத் தம்பிக்கும் அனுப்பினோம். நன்றி சொல்லச் சொன்னார். அவர் இடத்துக்குத் தகுந்த ஆள் அமையும் வரை இந்த வேலையை உரிமையாளராகிய நானே பார்க்கிறேன் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இச்சேவை இராது. வாடகையும் சம்பளமும் ஏறியிருப்பதால், வேறிடத்தில் வாங்கிய போன்களுக்கு 150 ரூபாய் பெற்றுக்கொள்கிறோம். வரும்போது பழைய போன், சிம், மின்னஞ்சலுக்கான கடவுச்சொல் மூன்றையும் கொண்டுவாருங்கள். முதன்மைக் கடவுச்சொல் எழுதிய தாளை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நன்றியுடன்,
உரிமையாளர்,
மொபைல் விற்பனை மற்றும் சர்வீஸ்,
புதுக்கோட்டை.