சிறுபோகத் தண்ணீர் முறையை மாற்றுங்கள்: வன்னியின் போகக் கூட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டச் செயலாளர்களுக்கும் நீர்ப்பாசன, கமநல, விவசாயத் திணைக்கள அதிகாரிகளுக்கும் வணக்கம்.

வழமையாகப் போனால் வரக்கூடிய பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தில் 14.5 வீதத்தை 2030க்குள் குறைப்போம், அதில் 4 வீதத்தை வெளியுதவி இல்லாமலே குறைப்போம் என்று இலங்கை 2021 இல் ஐக்கிய நாடுகள் சபையிடம் எழுதிக் கொடுத்தது. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மன்னார்க் காற்றாலைகளைத்தான் சொல்கிறோம். குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் மதகான துருசை யாரும் சொல்வதில்லை. அதை எத்தனை நாளுக்கொருமுறை திறப்பது என்று, ஒவ்வொரு போகத்துக்கும் முன் கமக்காரரோடு கூடும் போகக் கூட்டத்தில் தீர்மானிப்பவர்கள் நீங்கள். சிறுபோகத்தில், அதாவது கோடைக்கால நெற்செய்கையில், வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சும்படி தண்ணீர் முறையை மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல் உங்களுக்கு.

வயலில் தண்ணீர் இடைவிடாமல் நின்றால் மண்ணுக்குள் காற்றுப் போகாது. வைக்கோலும் பழைய வேரும் காற்றில்லாமல் அழுகும்போது மெதேன் உண்டாகிறது. அதில் பெரும்பங்கு நெற்பயிரின் தண்டுக்குள்ளாலேயே மேலே வருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மெதேன் 27 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2019 இல் திருத்திய கணக்கின்படி, தண்ணீர் நிற்கும் தென்னாசிய வயலில் ஹெக்டேயருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மெதேன் வெளியேறும். பலமுறை காயவிட்டால் அது 55 வீதமாகக் குறையும். 90 நாளுக்குப் பார்த்தால் ஏக்கருக்கு 31 கிலோ, மிச்சம் பிடிக்கக்கூடியது 14 கிலோ. ஏறத்தாழ 140 லீற்றர் டீசலை எரிக்காமல் விட்டதற்கு இது ஒப்பு.

இப்படிக் காயவிட்டுப் பாய்ச்சும் செய்முறை கடினமில்லை. மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று பார்க்க ஒரு குழாய் போதும். ஓரடி நீளம், 4 முதல் 6 அங்குல விட்டமுள்ள பீ.வீ.சி குழாய்த் துண்டை எடுத்து, கீழ் எட்டு அங்குலத்தில் சுற்றிவர 5 மில்லிமீற்றர்த் துளைகளை இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளியில் போடவேண்டும். துளையுள்ள பகுதி மண்ணுக்குள் இறங்க, நான்கு அங்குலம் வெளியே நிற்கவேண்டும். உள்ளே இருக்கும் சேற்றை அடிவரை அள்ளி எடுக்காவிட்டால் அது வெறும் குழாய்தான். வயலில் தண்ணீர் நிற்கும்போது உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் துளை அடைத்திருக்கிறது. மேட்டிலும் பள்ளத்திலும் வைக்காமல், வரம்பிலிருந்து ஒரு கவடு தள்ளி, வயலின் நடுத்தர மட்டத்தில் வையுங்கள்.

விதைத்து முதல் மூன்று கிழமையும் இதைத் தொடங்கக்கூடாது. கோரையும் புல்லும் ஏறிவிடும். அதன்பின் குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்திலிருந்து ஆறு அங்குலம் கீழே இறங்கும்வரை பொறுத்து, மறுபடி இரண்டு அங்குலம் பாய்ச்சவேண்டும். பூப்பதற்கு ஒரு கிழமை முன்னிருந்து ஒரு கிழமை பின்வரை தண்ணீர் நிற்கவே வேண்டும், அப்போது காயவிட்டால் பதர்தான் மிஞ்சும். யூரியாவைத் தண்ணீர் பாய்ச்சுவதற்குச் சற்று முன் காய்ந்த மண்ணில் போட வேண்டும். போட்ட கையோடு மண்ணை மாறிமாறிக் காயவும் நனையவும் விட்டால், மெதேனைவிடப் பலமடங்கு கொடிய நைதரசு ஒட்சைட்டு வெளியேறும்.

இந்த முறை எல்லா இடத்துக்குமல்ல. மாரிமழையோடு செய்யும் காலபோகத்தில் வயலைக் காயவிடும் பேச்சே இல்லை. பூநகரி போன்ற கரையோர உவர் நிலங்களில் காயவிட்டால் உப்பு மேலே ஏறிப் பயிர் கருகும், அவற்றை விட்டுவிடுங்கள். மணற்பாங்கான வயலில் மட்டம் இரண்டு மூன்று நாளிலேயே இறங்கிவிடும், அங்கே பத்து நாளுக்கொருமுறை தண்ணீர் விட்டால் நட்டம். நண்டு வளையும் எலி வளையும் அடைக்காத வரம்புள்ள வயலில் குழாய் காட்டுவது கசிவைத்தான்.

ஆனால் உண்மையான சிக்கல் குழாயில் இல்லை. அடுத்த தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத கமக்காரர், வந்த தண்ணீரை வரம்பு முட்டத் தேக்கித்தான் வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. வரண்ட சோளகக் காற்று அடிக்கும் நாட்களில் வாய்க்காலின் கடைசி வயலில் நிற்பவருக்கு ஒரு முறை தவறினால் போகமே போகும். ஆகவே முதலில் வேண்டியது நம்பிக்கையான தேதி. வாய்க்கால் வாய்க்காலாக, மண்ணுக்கேற்ற இடைவெளியோடு, பூக்கும் காலத்தைக் குறித்து, துருசு திறக்கும் நாளும் நேரமும் எழுதிய அட்டவணை ஒவ்வொரு கமநல சேவைகள் நிலையத்திலும் ஒட்டப்படவேண்டும். தண்ணீரைக் கடைசி வயலிலிருந்து மேலே வரும்படி கொடுங்கள். ஒரு வாய்க்காலில் எல்லோரும் ஒரே வயது நெல்லை ஒரே கிழமையில் விதைத்தால்தான் இது நடக்கும், அந்தத் தீர்மானமும் போகக் கூட்டத்தில்தான் எடுக்கப்படவேண்டும்.

மிச்சப்படும் தண்ணீர் எங்கே போகும் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். இரணைமடுவோ முத்தையன்கட்டோ வவுனிக்குளமோ, கமக்காரர் கேட்கும் முதற் கேள்வி அதுதான். கூடுதல் ஏக்கர் விதைக்க அனுமதித்தால் உணவு கூடும், ஆனால் மெதேன் மிச்சத்தில் ஒரு பங்கு அங்கே போய்விடும். ஒரு பகுதியைக் குளத்திலேயே வைத்திருந்தால் அடுத்த காலபோகத்துக்கு மழை பிந்தினாலும் கைகொடுக்கும். எங்கள் விருப்பம் இரண்டாவது. எதுவானாலும் கமக்காரர் அமைப்புகளின் ஒப்பம் இல்லாமல் வேண்டாம்.

வைக்கோலைப் பற்றி ஒன்று. வெட்டு மிசின் வரிசையாக விட்டுப்போகும் வைக்கோலை எரிக்கவும் வேண்டாம், தண்ணீர் கட்டும் கிழமையில் புதைக்கவும் வேண்டாம். பரப்பி, தண்ணீர் கட்டுவதற்கு 30 நாளுக்கு முன்பே உழுதுவிட்டால், அந்த வைக்கோலால் கூடும் மெதேன் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகக் குறையும். அறுவடை முடிந்த கையோடு உழுகிறவருக்கு அந்த உழவுக்கூலியில் ஒரு பங்கை மானியமாகக் கொடுங்கள்.

வரும் சிறுபோகத்துக்கு மாவட்டத்துக்கு ஒரு குளம், அதில் ஒரு வாய்க்கால் போதும். தலைப்பிலும் நடுவிலும் கடைசியிலுமாக மும்மூன்று குழாய்கள். குழாய்க்குள் தண்ணீர் நிற்கும் மட்டத்தை வாய்க்கால் பிரதிநிதி ஒரு நாள் விட்டு ஒரு நாள் குறிக்கட்டும். பக்கத்து வாய்க்கால் வழமைப்படி ஓடட்டும். அறுவடையில் இரண்டு வாய்க்காலின் விளைச்சலையும் துருசால் இறங்கிய தண்ணீரையும் அடுத்த போகக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசியுங்கள்.

இப்படிக்கு,
வன்னியின் நீர்ப்பாசனமும் நெற்செய்கையும் அறிந்தோர்