எங்களோடு ஓடியவர்களுக்கும் ஓடாமல் நின்றவர்களுக்கும்

அன்புள்ள உறவுகளே, நண்பர்களே,

மார்பகப் புற்றுநோய்க்கு எதிராகக் காசு சேர்க்க ஒக்டோபர் முதல் ஞாயிறு ரொறன்ரோவில் நடந்த 'ரன் ஃபோர் த கியூர்' ஓட்டத்தை எங்கள் குடும்ப அணி முடித்துவிட்டது. ஓடி முடித்தவர்கள் சிலர், நடந்து முடித்தவர்கள் பலர், ஸ்ட்ரோலரில் நித்திரை கொண்டபடியே முடித்தவர் ஒருவர். 5,000 டொலர் சேர்ந்தால் போதும் என்று தொடங்கினோம். 7,000 தாண்டிவிட்டது. அத்தனையும் கனடியப் புற்றுநோய்ச் சங்கத்துக்குப் போய்விட்டது. இணையத்தில் காசு தந்தவர்களுக்குப் பற்றுச்சீட்டு மின்னஞ்சலில் வந்திருக்கும். வராதவர்கள் ஜங்க் மெயிலை ஒருமுறை பாருங்கள், பாதிப்பேருக்கு அங்கேதான் கிடக்கிறது.

கணக்கு சொல்லியாயிற்று. இனி நன்றி சொல்ல வேண்டிய வேலை.

அதற்கு முன், யாருக்காக ஓடினோம் என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில் கடன் இருக்கிறது. எங்கள் அணி இரண்டு பேருக்காகத் தொடங்கியது. ஒருவர் என் பெரியம்மா. மற்றவர் என் மச்சாள், கணவரின் தங்கை.

பெரியம்மாவுக்கு யாழ்ப்பாணத்தில் இந்த வருத்தம் வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். போரால் பாதை பூட்டியிருந்த காலம். கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் முதலில் ஆமியிடம் கிளியரன்ஸ், அதாவது பயண அனுமதி, எடுக்க வேண்டும், பிறகு கப்பலில் திருகோணமலை, அங்கிருந்து கொழும்பு. ஆனால் பாதையை மட்டும் குறை சொல்ல முடியாது. மார்பில் கட்டி இருப்பதை அவர் மாதக்கணக்கில் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மகரகமவில் டொக்டர்கள் பார்த்தபோது எலும்புக்குப் பரவிவிட்டது. அவர் செத்த வீட்டுக்கு வந்தவர்களிடம் காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற எனக்கும் அதையே சொல்லும்படி சொல்லித் தந்திருந்தார்கள்.

மச்சாளுக்கு இங்கே ஸ்காபரோவில், 2022இல், 43 வயதில். குளிக்கும்போது மார்பில் ஒரு தடிப்புக் கையில் தட்டுப்பட்டது, அடுத்த நாளே குடும்ப டொக்டருக்கு ஃபோன் அடித்துவிட்டாள். சத்திரசிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது, வருத்தம் திரும்ப வரும் வாய்ப்பைக் குறைக்க, தினமும் ஒரு தமொக்சிபென் குளிசை. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்ததால் வலக்கை வீங்கும், அதற்குக் கையை இறுக்கிப் பிடிக்கும் ஒரு உறை போடுகிறாள். பிரஷர் பார்க்க யார் வந்தாலும் இடக்கையைத்தான் நீட்டுவாள். சமைக்கிறாள், வேலைக்குப் போகிறாள், என்னோடு சண்டை பிடிக்கிறாள். பெரியம்மாவுக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைத்தது. அதற்குக் காரணம் மருந்து மட்டுமில்லை என்று எனக்குப் படுகிறது.

இந்த ஓட்டம் தொடங்கியது 1992இல், இதே ரொறன்ரோவில். சில தொண்டர்கள் சேர்ந்து நடத்தினார்களாம், 1,500 பேர் வந்து 85,000 டொலர் சேர்ந்திருக்கிறது. இப்போது கனடா முழுக்க ஒரே ஞாயிறில் நடக்கிறது. கனடாவில் எட்டுப் பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் என்பது சங்கத்தின் கணிப்பு. ஒரு கலியாண வீட்டு மேசையில் இருப்பது எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, நன்றி.

முதலில் மில்லிக்கன் பார்க் கூட்டத்துக்கு. ஒரு நிமிடம் ஓடு, இரண்டு நிமிடம் நட என்று மணிக்கூட்டைப் பார்த்துக் கத்திக் கத்தியே எங்களை ஐந்து கிலோமீற்றருக்குக் கொண்டுவந்த என் சிநேகிதிக்கு. சேலையோடு சப்பாத்துப் போட்டு வந்து, குளத்தைச் சுற்றி எங்களைவிடக் கெதியாக நடந்த மாமிமாருக்கு. பாதையை மறித்துக்கொண்டு நின்ற கனடா வாத்துகளுக்கும் ஒரு நன்றி, எங்களில் சிலர் வாழ்க்கையில் வேகமாக ஓடியது அவற்றுக்குப் பயந்துதான்.

கோவில் மண்டபத்தில் சாப்பாட்டு விற்பனை நடத்த விட்ட நிர்வாகத்துக்கு நன்றி. மட்டன் ரோல்ஸ் கோவிலுக்குள் கூடாது என்று அவர்கள் சொன்னது நியாயம்தான், அதனால் மரக்கறி ரோல்ஸும் கடலை வடையும் உள்ளே, மற்றவை அடுத்த வாரம் எங்கள் கராஜில் என்று பிரிந்தன. மட்டன் இரண்டு மணித்தியாலத்தில் முடிந்தது. விடியக்காலை எழும்பி மாவு குழைத்த பெரியவர்கள் ஒருவரும் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றார்கள். போடவில்லை. ஆனால் யாருடைய ரோல்ஸ் என்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

மார்க்கம் ரோட்டில் கடை வைத்திருக்கும் அண்ணை தன் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் எங்கள் உண்டியலை வைக்க விட்டார். மீதிச் சில்லறையை வாங்க நீட்டிய கைகள் எல்லாம் உண்டியல் பக்கம் திரும்பும்படி அவர் ஒரு பார்வை பார்ப்பார் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பார்வைக்குத் தனியாக நன்றி.

அடுத்தது எங்கள் சித்தப்பாவுக்கு. உறவுக்காரர் எல்லாரும் இருந்த இடத்தில், "ஓடினால் வருத்தம் மாறுமோ? காசைக் கொடுக்கிறதென்றால் நேரே கொடுக்கலாமே, இதற்குள் ரீ-சேட்டுக்கும் மேடைக்கும் எவ்வளவு போகுது?" என்று கேட்டவர் அவர். சிலருக்குக் கோபம் வந்தது. எனக்கு அது சரியான கேள்வியாகத்தான் பட்டது. காசு கொடுக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி அது. சங்கத்தின் வருடாந்தக் கணக்கறிக்கை எல்லாரும் பார்க்கக்கூடியதாக இருக்கிறது, அதை அவருக்கு எடுத்துக் கொடுத்தேன். ரீ-சேட் விஷயத்தில் நான் அவர் பக்கம்தான். அலுமாரி நிறைய இளஞ்சிவப்பு ரீ-சேட் வைத்து என்ன செய்வது? எங்கள் அணி பழைய சட்டையோடுதான் ஓடியது.

ஓடினால் என்ன வரும் என்ற பகுதிக்கு மட்டும் என்னிடம் வேறு பதில் இருந்தது. 2011 ஜூலையில் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவவும் இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை நடந்தார்கள். 27 நாள், ஏறக்குறைய 670 கிலோமீற்றர். ஒரு தமிழர், ஒரு சிங்களவர், போர் முடிந்து இரண்டே வருடம். வழியெல்லாம் ஊர்ச்சனம் சேர்ந்து நடந்தது. அந்த நடையில் சேர்ந்த காசில்தான் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழும்பியது. சித்தப்பாவின் சொந்த ஊரிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரம். பெரியம்மாவின் காலத்தில் அது இருந்திருந்தால் கப்பலும் கிளியரன்ஸும் தேவைப்பட்டிருக்காது. இதைச் சொன்னதும் சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "அது நடை, இது ஓட்டம்" என்றார். காசு தந்தாரா என்று கேட்காதீர்கள். அவர் தெல்லிப்பளைக்கு அனுப்பினார். அதுவும் எங்கள் கணக்கில் சேராவிட்டாலும் என் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இனி, இந்த மடலை எழுதுவதற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன்.

ஓடும்போது முதுகில் குத்திக்கொள்ள ஒரு துணி தைக்கலாம், அதில் இந்த வருத்தம் வந்தவர்களின் பெயர்களை நூலால் எழுதலாம் என்பது மச்சாளின் யோசனை. முதலில் இரண்டு பெயர்தான் இருந்தது. காசு தரும்போது பெயரும் தரலாம் என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினோம். காசு வந்தது, பெயர் வரவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் ஒரு பெயரும் வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு தம்பி தன் அம்மாவின் பெயரை அனுப்பினான். அடுத்து ஒரு அக்கா தன் பெயரையே. பதினைந்து வருடமாக அவரை எனக்குத் தெரியும், ஒரே தெருவில் இருக்கிறோம், அவருக்கு மார்பகம் எடுத்த விஷயம் எனக்குத் தெரியாது. அவர் கீமோ எடுத்த காலத்தில் "ஊருக்குப் போயிருக்கிறா" என்று வீட்டில் சொன்னார்களாம். நாங்களும் நம்பி, வந்ததும் என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டிருக்கிறோம்.

பிறகு வரத் தொடங்கியது. சித்தி, மாமி, வகுப்புத் தோழி, பக்கத்து வீட்டுப் பிலிப்பினோ அன்ரி. ஒரு ஆணின் பெயரும் வந்தது. ஆண்களுக்கும் வரும், நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்றாலும் வரும். அதை அனுப்பியவர் அவருடைய மகன், அப்பாவிடம் கேட்டுத்தான் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார். துணி போதாமல் போய், அம்மாவின் பழைய நூல்சேலையைக் கிழித்துத் தைத்தோம்.

ஓட்டத்துக்கு முதல் நாள் இரவு ஒரு தொலைபேசி அழைப்பு. பெயர் தந்திருந்த ஒரு அம்மா. "என்ர பெயரை எடுத்துவிடு பிள்ளை. மகளுக்குச் சம்பந்தம் பேசுறம். தாய்க்கு வந்தது பிள்ளைக்கும் வரும் என்று அவையள் நினைப்பினம்." அவருக்கு நான் விளக்கம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன், அவருக்காக இல்லை, அந்த மாப்பிள்ளை வீட்டாரைப் போன்றவர்களுக்காக: மார்பகப் புற்றுநோயில் பரம்பரை மரபணுவால் வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான். மிச்சத்தில் பெரும்பாலானவை குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லாமலே வருகின்றன. அப்படியே பரம்பரையாக இருந்தாலும் அதற்குப் பரிசோதனை இருக்கிறது, கவனமாகப் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. பெண் எடுக்காமல் விடுவது அந்த வழிகளில் ஒன்றில்லை.

அந்த அம்மாவின் பெயரைப் பிரித்தெடுத்தோம். ஊசித் துளைகள் தெரிந்தன, அப்படியே விட்டோம். அம்மா, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். பெயரைத் தந்ததற்கும் நன்றி, எடுக்கச் சொல்லி என்னை நம்பி அழைத்ததற்கும் நன்றி. கலியாணம் சரிவந்தால் சொல்லுங்கள்.

பெயர் தந்த எல்லோருக்கும் சொல்வது இதுதான். 7,000 டொலரை நாங்கள் வேறு வழியிலும் சேர்த்திருக்கலாம். சாப்பாடு விற்றால் ஸ்காபரோவில் காசு சேரும். நீங்கள் தந்ததைச் சேர்க்க எங்களிடம் வேறு வழி இருக்கவில்லை.

ஓட்ட நாளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஞாயிற்றுக்கிழமை சப்வே பிந்தித்தான் தொடங்கும் என்பதால், விடிய முதல் தன் வானில் எங்களை ஏற்றிக்கொண்டு டவுன்ரவுன் வந்த அண்ணைக்கு நன்றி. குளிர் இருந்தது, மழை இல்லை. வழியில் தண்ணீர் தந்த, மணி அடித்த, பெயர் தெரியாத தொண்டர்களுக்கு நன்றி. மச்சாள் ஒரு கிலோமீற்றர் நடந்துவிட்டுப் பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியோடு ஒரு கதிரையில் இருந்துவிட்டாள். ஐந்தையும் நடந்திருந்தால் படம் நன்றாக வந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். அவள் படத்துக்காக வரவில்லை.

இதற்குப் பிறகு நடந்த ஒன்று எனக்கு ஓட்டத்தைவிடப் பெரிது. மார்பக எக்ஸ்ரேயான மமோகிராம் எங்கே எடுப்பது, டொக்டரின் கடிதம் வேண்டுமா என்று கேட்டு எனக்கு அழைப்புகள் வருகின்றன. ஆகவே எல்லோருக்குமாக: ஒன்ராறியோவின் மார்பகப் பரிசோதனைத் திட்டத்தில் 50 முதல் 74 வயது வரையான பெண்கள் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மமோகிராம் எடுக்கலாம். 2024 ஒக்டோபரிலிருந்து 40 முதல் 49 வயது வரையானவர்களும் டொக்டரின் கடிதம் இல்லாமல் தாங்களே பதிந்து எடுக்கலாம். காசு கட்டத் தேவையில்லை, மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் பார்த்துக்கொள்ளும். ஆனால் கட்டியோ, தோலில் மாற்றமோ, முலைக்காம்பில் கசிவோ தெரிந்தால் இந்த வரிசையில் நிற்க வேண்டாம், நேரே டொக்டரிடம் போங்கள். இந்த விளக்கமெல்லாம் என்னுடையது இல்லை. சாப்பாட்டு விற்பனையில் ஒரு மூலையில் மேசை போட்டு, வடை வாங்க வந்தவர்களைப் பிடித்து இருத்திச் சொன்ன நேர்ஸ் தங்கச்சியுடையது. அவள் முழு இரவு வேலை முடித்து நேரே அங்கே வந்தவள். ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சப்படும் அம்மம்மாமாருக்கு அவளே அழைத்து நேரம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தங்கச்சி, உனக்கு நன்றி என்று எழுதினால் காணாது, அதனால் எழுதவில்லை.

என் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டில் நேரே சொல்லிவிட்டேன்.

கடைசியாகச் சில சில்லறை விஷயங்கள். அடுத்த வருடமும் ஓடுவோம், பெயர் தர விரும்புகிறவர்கள் இப்போதே தரலாம், எடுக்கச் சொன்னால் எடுப்போம். கராஜ் விற்பனைக்கு வந்த மூன்று எவர்சில்வர் தட்டுகளும் ஒரு பெரிய தாச்சியும் யாருடையவை என்று தெரியாமல் என் வீட்டில் இருக்கின்றன. தாச்சியின் ஒரு பிடி கழன்றிருக்கிறது, அது வரும்போதே அப்படித்தான் இருந்தது. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அணியின் சார்பில்,
ஸ்காபரோவிலிருந்து