பூதமும் இல்லை, சகுனமும் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

காசிமேட்டில் 31 வருடம் விசைப்படகு ஓட்டியவன் நான். போன வாரம் பேத்தியின் செல்போனில் ஒரு வீடியோ வந்தது: வெள்ளி நிறத்தில் நீளமான மீன், தலையில் சிவப்புக் கொண்டை, 'இது வந்தால் சுனாமி வரும்' என்று பின்னணிக் குரல். அது துடுப்பு மீன். ஆழத்தில் வாழ்வது, 8 மீட்டர் வரை வளரும். பழைய மாலுமிகள் சொன்ன கடல் பாம்புக் கதைகள் பலவற்றுக்கு இதுதான் காரணம் என்கிறார்கள். ஜப்பானில் பழைய பதிவுகளைப் புரட்டி, இது தென்படுவதற்கும் நிலநடுக்கத்துக்கும் தொடர்பில்லை என்று 2019-லேயே எழுதிவிட்டார்கள். சரி, அதை விடுங்கள். 2004 சுனாமிக்கு முந்தின வாரம் எங்கள் வலையில் வந்தது வெறும் காரப்பொடி மீன்தான்!

பேத்திக்கு அதைவிடப் பிடித்தது கப்பலை இழுக்கும் நார்வே கதைப் பூதம், கிராக்கன். அந்தக் கதைக்குப் பின்னால் இருப்பது ராட்சதக் கணவாய்தான் என்கிறார்கள். வீட்டில் கணவாய் கழுவும்போது அதன் வாயிலிருந்து கிளி மூக்கு மாதிரி ஒன்றை எடுத்து எறிவோமே, அதைக் காட்டினேன். அந்த மூக்கின் பெரிய உருவங்கள் திமிங்கல வயிற்றில் கிடைத்ததும் ராட்சதக் கணவாய்க்கு ஒரு சாட்சி. 1857-ல் டென்மார்க்கின் விலங்கியல் அறிஞர் ஸ்டீன்ஸ்ட்ரப் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். கண் மட்டுமே கால்பந்து அளவு. உயிரோடு கடலுக்குள் அதைப் படம் எடுத்தது 2004-ல்தான், ஜப்பான்காரர்கள்.

இந்த மாதிரி விஷயங்களை உங்கள் சிறுவர் பக்கத்தில் படத்தோடு போடுங்கள். கணவாய் மூக்கு வேண்டுமானால் காசிமேட்டில் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும்.

– ஓய்வுபெற்ற படகு டிரைவர், காசிமேடு, சென்னை