படகுவீடு விடுமுன் கழிவுத் தொட்டிக்கு வழி சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேரளத்தின் குட்டநாட்டைக் காட்டி, நம் காவிரி டெல்டாவிலும் படகுவீடு விடலாம், குடும்பத்தோடு நாள்கணக்கில் தங்கலாம் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. படகு கட்டுவதும் பழுது பார்ப்பதுமே பிழைப்பான எங்களுக்கு இதனால் வேலை கூடும். இருந்தாலும் சில கணக்குகளைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

முதலில் இடம். குட்டநாட்டு வாய்க்கால்கள் கடல் மட்டத்தோடு கிடப்பவை. ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும். நம் ஆறுகள் அப்படியல்ல. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடினால், அதன்பின் வெண்ணாற்றிலும் வெட்டாற்றிலும் மணல்தான். தண்ணீர் ஓடும் மாதங்களிலும் தண்ணீரைத் தடுத்துப் பிரித்துவிடும் ரெகுலேட்டர், தாழ்ந்த பாலம், முறைப்பாசனம் என்று வழிநெடுகத் தடை. கடைசியில் மிஞ்சுவது பாமணியாறும் கோரையாறும் வந்து சேரும் முத்துப்பேட்டை லகூன் என்ற உப்பங்கழி. அங்கேயும் பல இடங்களில் இடுப்பளவு ஆழம்தான். அமாவாசைக் கடல் ஏற்றத்தில் சேற்றில் ஏறிவிட்ட படகு, மறுநாள் ஏற்றத்தில் மிதக்கும் என்று நம்ப முடியாது. பௌர்ணமி வரை கிடக்க நேரலாம். ஆகவே அடிப்பக்கம் தட்டையாக, முழுச் சுமையோடும் இரண்டடிக்கு மேல் அமிழாத படகுதான் இங்கே சரிப்படும். அப்படிப்பட்ட படகில் எடையை எங்கே வைக்கிறோம் என்பது மிக முக்கியம்.

தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்க, சமைக்க 5 லிட்டர். குளிக்க, அலச எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் 15 லிட்டர். நாலு பேர் ஆறு நாள் தங்கினால் 480 லிட்டர், அதாவது ஏறத்தாழ அரை டன். வீட்டு மாடியில் வைப்பதுபோல் இதைக் கூரைமேல் ஏற்றினால் படகு தலைகனத்துத் தள்ளாடும். ஒரே பெரிய தொட்டியும் ஆகாது. பாதி காலியானதும் உள்ளே தண்ணீர் ஒரு பக்கம் சாடும், படகும் அதே பக்கம் சாயும். 250 லிட்டர் தொட்டிகள் இரண்டை, உள்ளே தடுப்புத் தகடு வைத்து, தளத்துக்குக் கீழே நடுக்கோட்டில் முன்னும் பின்னுமாகப் பொருத்துவதே முறை. பாத்திரத்தை லகூன் தண்ணீரில் தேய்த்துவிட்டுக் கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் எடுக்கலாம். உப்புத் தண்ணீரில் சோப்புக்கட்டி நுரைக்காது, லிக்விட் நுரைக்கும்.

யாரும் வாய் திறக்காத விஷயம் கழிவறை. கைப்பம்பு வைத்துச் சிக்கனமாக அலசினாலும் ஆளுக்கு நாளைக்குப் பத்து லிட்டர் சேரும். நாலு பேர் இருந்தால் 200 லிட்டர் கழிவுத் தொட்டி ஐந்தாம் நாள் நிரம்பிவிடும். நாப்கினோ துணியோ பம்பின் ரப்பர் வால்வில் சிக்கினால் மொத்தத்தையும் கழற்ற வேண்டும். காற்றுப்போக்கிக் குழாய் அடைபட்டிருக்கும்போது உறிஞ்சினால் தொட்டியே நெளிந்துபோகும். சாதாரண பிவிசி ஹோஸ் போட்டால் சில மாதத்தில் குழாய்ச் சுவர் வழியாகவே நாற்றம் கசியும். இவையெல்லாம் எங்கள் கையால் தீர்க்கக்கூடியவை. நிரம்பிய தொட்டியை எங்கே காலி செய்வது? அதற்குக் கரையில் வழி இல்லாவிட்டால் படகுக்காரர் இருட்டியதும் வால்வைத் திறந்துவிடத்தான் செய்வார். ஆழமில்லாத, கடலோடு மெதுவாகவே தண்ணீர் மாறும் இடம் அந்த லகூன். இறால் குஞ்சு வளர்வதும் அங்கேதான், அதை நம்பி வலை போடுவோர் இருப்பதும் அங்கேதான்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து வெளியேற்றலாம். படகில் அது அடித்தளத்துக்குள் இறங்கித் தேங்கும், மோட்டாரின் ஒரு பொறி போதும். சிலிண்டர் மேல்தளத்தில், அடியில் துளையிட்ட பெட்டிக்குள் இருக்க வேண்டும். துளை வெளிப்பக்கம் திறக்க வேண்டும். சமைத்து முடித்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூடி, டியூபில் மிச்சமுள்ள கேஸ் எரிந்து அணைந்த பிறகுதான் அடுப்பை மூட வேண்டும்.

மின்சாரம் அவ்வளவு சிக்கலில்லை. 12 வோல்ட் 150 ஆம்பியர் பேட்டரி ஒன்று, 200 வாட் சோலார் பலகை ஒன்று இருந்தால் நாலு விளக்கு, இரண்டு டிசி ஃபேன், செல்போன் சார்ஜ் வரை தாங்கும். பிரிட்ஜ் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன் அடித்தளத்தைத் திறந்து முகர்ந்து, எட்டிப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது, விசிறியைச் சுழற்றும் தண்டு படகைவிட்டு வெளியேறும் இடத்தில் நிமிடத்துக்குச் சில சொட்டு விழுவது இயல்பு. அதை நிறுத்துகிறேன் என்று அங்குள்ள கிளாண்டை (கசிவுத் தடுப்பை) முறுக்கினால் தண்டு சூடேறித் தேயும். அடித்தளத் தண்ணீரை இறைக்கும் தானியங்கி பம்பின் மிதவையில் தலைமுடியோ மீன் செதிலோ சிக்கினால், பம்பு ஓடாமல் படகு நிறையும். அல்லது ஓடிக்கொண்டே இருந்து பேட்டரி தீரும். மழைக்காலத்தில் ஆற்றோடு இறங்கும் ஆகாயத்தாமரை இன்ஜினின் குளிர்விப்புக் குழாயை அடைக்கும். தண்ணீர் வராமல், அதை உறிஞ்சித் தள்ளும் ரப்பர் இம்பெல்லர் ஓரிரு நிமிடத்தில் கருகிவிடும். உபரி இம்பெல்லர் ஒன்று கையில் இல்லாமல் கிளம்பக் கூடாது.

பாரில் (கடலடிப் பாறையில்) பிடிக்கும் கொக்கி நங்கூரம் இந்தச் சேற்றில் உழுதுகொண்டே போகும். அகன்ற தகடுள்ளது வேண்டும். கயிறு, தண்ணீர் ஆழத்தோடு அணியத்தின் (படகின் முன்முனையின்) உயரத்தையும் கூட்டிய அளவில் ஏழு மடங்கு. அதுவும் சாதாரணக் காற்றுக்குத்தான். 2018 நவம்பர் 16-ல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா, வேரூன்றி நின்ற அலையாத்தி மரங்களையே சாய்த்துவிட்டுப் போனது. குழந்தைகளுக்கு அவரவர் எடைக்கேற்ற லைஃப் ஜாக்கெட்டும், கைப்பிடிக் கம்பியைச் சுற்றி வலையும் கட்டாயம். பெரியவர் ஜாக்கெட் சிறுபிள்ளையின் தலைவழியே கழன்றுவிடும்.

வனத்துறை அனுமதி தனி விஷயம். அதற்கும் முன்னால் ஜாம்புவானோடைப் படகுத்துறையில் குடிநீர் இணைப்பு, கழிவை உறிஞ்சும் பம்பு, லாரி வந்து திரும்ப ரோடு, ஏற்றிய கழிவைச் சுத்திகரிக்க ஓர் இடம் ஆகியவற்றுக்கு அரசு ஏற்பாடு செய்யட்டும். பிறகு ஒரே ஒரு படகை ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும் விட்டு, மாதாமாதம் தண்ணீரைச் சோதிக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் எவரையும் இரவு தங்க விடக் கூடாது.

இப்படிக்கு,
படகு கட்டும் தொழிலாளர்கள் சிலர்,
நாகப்பட்டினம்.